பகல் மக்கள்தொகை

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்:
இத்தெருவில் வசிப்போர் எத்தனை பேர்.

ஓசூர், பாகலூர் சாலைக்கு உள்ளே,
போன வருஷம் முட்டைக்கோஸ் விளைந்த மனைகளில்
பென்சிலோடு நிற்கிறேன். காலை பதினொன்று.
மூன்றாவது குறுக்கு. பதினேழு வீடு, பதினேழு பூட்டு.
ஒரு வீட்டில் நாய் இருந்தது,
வாடகை ஒப்பந்தத்தில் தானும் கையெழுத்திட்டதுபோல்
பொறுப்பாகக் குரைத்தது.

பதினெட்டாவது இன்னும் கட்டி முடியவில்லை.
வங்கி எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவு உயரம்.
சாரத்தில் நின்ற பையன் இந்தியில் சொன்னான்,
யாரும் இல்லை, ராத்திரி வாங்க.
அதைத் தமிழில் எழுதிக்கொண்டேன்.
அவன் பெயரைக் கேட்கவில்லை.

ராத்திரி ஏழுக்குப் போனேன். இருட்டு.
எட்டுக்கும் இருட்டு.
கதவில் இருந்த எண்ணுக்கு அடித்தால்
"சந்தாபுரத்துல மாட்டிக்கிட்டேன் மேடம்."
அடுத்த கதவு எண்ணும் சந்தாபுரத்தில்தான் இருந்தது.
பின்னால் ஒரே ஹாரன் சத்தம்,
அனேகமாக இருவரும் பக்கத்துப் பக்கத்து வண்டியில்.

அதனால் மறுநாள் நாலே முக்காலுக்கு
கம்பெனி வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனேன்.

ஊர் அங்கே இருந்தது.
ஸ்வெட்டர் போட்டு, அடையாள அட்டை மாட்டி,
ஈரத்தலையில் துண்டைச் சுற்றி,
பையில் இரண்டு டப்பா, காலைக்கு ஒன்று மதியத்துக்கு ஒன்று.
ரோஜாக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்த சிக்கண்ணா
"இதுங்களுக்கு ஏசி வண்டி, பாருங்க" என்றார்,
நின்றுகொண்டே போகப்போகிறவர்களைப் பார்த்து.

பொம்மசந்திராவில் எக்ஸ்ரே எடுக்கும் ஜபீனா கேட்டாள்:
"தினம் நாலரை மணி நேரம் பஸ்ல இருக்கேன் அக்கா.
அந்த இடத்துக்கு ஏதாவது வார்டு நம்பர் உண்டா?"
திம்மராயன் வீட்டில் தெலுங்கு, சம்பளம் கன்னடத்தில்.
என்னைத் திட்டுவதற்குத் தமிழை எடுத்தார்:
வரி கேக்க வர்றீங்க, தண்ணி எப்போ வரும்?
எழுதினேன். அதற்கும் கட்டம் கிடையாது, ஓரத்தில் எழுதினேன்.

ஐந்து இருபது.
சிப்காட்டிலிருந்து இரவு ஷிப்ட் வண்டி வந்து நின்றது.
ஒருத்தி இறங்கினாள். ஒருவன் ஏறக் காத்திருந்தான்.
சாவியை அவள் கையில் வைத்தான்.
"லாரித் தண்ணி வந்துச்சு. போனதும் மோட்டார் போடு.
மறக்காம அணை."
அவள் அவன் காலரில் இருந்த நூலைப் பிய்த்து எறிந்தாள்.
அவ்வளவுதான். வண்டி நகர்ந்துவிட்டது.
பெயர் கேட்க இருவருமே எனக்குக் கிடைக்கவில்லை.

ஏழரைக்கு மீண்டும் மூன்றாவது குறுக்கு.
பதினொன்றாம் எண் வீட்டு மாடியிலிருந்து
தண்ணீர் சுவரோடு வழிந்து, சாலையில் ஓடி,
யாரோ வரைந்த கோலத்தில் பாதியைக் கொண்டுபோயிருந்தது.
கதவில் பூட்டு இல்லை. உள்தாழ்ப்பாள்.
நேற்று அதையும் பூட்டு என்றே எண்ணியிருக்கிறேன்.

மணி அடிக்கக் கையைத் தூக்கினேன்.
உள்ளே தூங்குகிறவளுக்கு
இது தூக்கத்தின் முதல் ஒன்றரை மணி நேரம்.
கையை இறக்கவும் முடியவில்லை, லாரித் தண்ணீர்,
ஆயிரத்து நானூறு ரூபாய்.

சாரத்திலிருந்து அவன் இறங்கி வந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை. வெளி மீட்டர் பெட்டியைத் திறந்து
ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டான்.
மோட்டார் நின்றது. உள்ளே எந்த அசைவும் இல்லை.
இந்தக் குளிருக்கு மின்விசிறி யார் போடப்போகிறார்கள்.
"மோட்டார் சுவிட்ச் உள்ள இருக்கு. எழுந்து வரட்டும், குடுக்கிறேன்" என்றான்.

ராம்பிரவேஷ், வயது இருபத்திரண்டு.
ஏழு மாதமாக இதே தெருவில்,
சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்கை.

பதினேழு பூட்டை அடித்துப் பதினாறு என்று திருத்தினேன்.
பகலில் வசிப்போர்: இருவர்.
ஒருவர் தூங்குகிறார்.
ஒருவர் பையில் ஃபியூஸ் வைத்திருக்கிறார்.

மேற்பார்வையாளரிடம் இது செல்லுமா என்று கேட்கப் போன் போட்டேன்.
அவர் பெங்களூரிலிருந்து தினம் இங்கே வருகிறவர்.
அத்திபள்ளியில் நின்றுகொண்டிருந்தார்.